ஃபீனிக்ஸ் டவுன்டவுனில் வாடகைக்கு வீடு: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

வேலைக்காக அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு வந்து, டவுன்டவுன் (நகர மையம்) அடுக்குமாடி ஒன்றில் முதல் வீட்டை நான் பார்த்தது ஒரு மார்ச் மாதம், காலை 11 மணிக்கு. 22-வது மாடி, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, தூரத்தில் மலை, வெளியே இதமான காற்று. அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடி மேற்குப் பார்த்தது என்பது ஜூன் மாதம்தான் உறைத்தது. மதியம் 2 மணியிலிருந்து ராத்திரி 8 வரை ஹாலில் உட்கார முடியாது, ஏசி நிற்காமல் ஓடும், சோபா தொட்டால் சுடும். அதோடு விளம்பரத்தில் போட்டிருந்த வாடகைக்கும் மாதாமாதம் என் கணக்கிலிருந்து போன பணத்துக்கும் 300 டாலருக்கு மேல் வித்தியாசம். காலி செய்தபோது டெபாசிட்டை வாங்குவதற்குள் இன்னொரு போராட்டம்.

இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது முறை எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்தக் கேள்விகளை வரிசையாக இங்கே எழுதுகிறேன். வாடகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் இது, வீடு வாங்குவது தனிக் கதை.

1. டவுன்டவுன் உங்களுக்கு ஒத்துவருமா?

ஃபீனிக்ஸ் நகர எல்லை மட்டுமே 500 சதுர மைலுக்கு மேல். சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்கு பரப்பு, ஆனால் ஜனம் 16 லட்சம்தான். அதைச் சுற்றி மேசா, டெம்பி, சாண்ட்லர், ஸ்காட்ஸ்டேல், க்ளெண்டேல் என்று ஊர்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு போகும். அதனால் "ஃபீனிக்ஸில் வேலை" என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால் அது எந்த மூலை என்று முதலில் மேப்பில் பாருங்கள். சாண்ட்லரில் இருக்கும் இன்டெல் சிப் வளாகமும் சரி, வடக்கே இருக்கும் டிஎஸ்எம்சி சிப் ஆலையும் சரி, டவுன்டவுனிலிருந்து 20 மைலுக்கு மேல், இரண்டுக்கும் ரயில் கிடையாது. அங்கே வேலை என்றால் டவுன்டவுன் வீடு தினமும் இரண்டு வேளை ஃப்ரீவேயில் உங்களை உட்கார வைக்கும்.

உங்கள் வேலையோ படிப்போ டவுன்டவுனிலோ லைட் ரெயில் பாதையிலோ இருந்தால் கதையே வேறு. 2025 ஜூனிலிருந்து இரண்டு தடங்கள் ஓடுகின்றன. ஏ லைன் டவுன்டவுனிலிருந்து கிழக்கே டெம்பி வழியாக மேசா வரை போகும், பி லைன் வடக்கே மெட்ரோ பார்க்வேயிலிருந்து தெற்கே பேஸ்லைன் சாலை வரை போகும். இரண்டும் டவுன்டவுன் ஹப்பில் சந்திக்கும். ஒரு பயணம் 2 டாலர், நாள் முழுக்க 4 டாலர். அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டியின் டவுன்டவுன் வளாகம், டெம்பி வளாகம் இரண்டுக்கும் இதிலேயே போகலாம். விமான நிலையத்துக்கு 44-வது ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி இலவச ஸ்கை ட்ரெயினில் ஏறினால் டெர்மினல் வாசல்.

கார் இல்லாமல் இருக்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டவுன்டவுனுக்குள் மட்டும் என்றால் முடியும். வாஷிங்டன் ஸ்ட்ரீட்டில் ஃப்ரைஸ் என்ற பெரிய மளிகைக் கடை இருக்கிறது, அவசரத்துக்கு ஓட்டுநர் இல்லாத வேமோ டாக்ஸி கிடைக்கிறது. ஆனால் இட்லி அரிசி, நல்லெண்ணெய், முருங்கைக்காய் எல்லாம் டெம்பி, சாண்ட்லர் பக்கம் போனால்தான். மரிகோபா ஊரில் இருக்கும் மகா கணபதி கோயிலுக்கு கார் இல்லாமல் போய் வருவது நடக்காத காரியம். மாதத்துக்கு இரண்டு நாள் வாடகைக் கார் எடுத்தால் போதும் என்பவர்கள் கார் வாங்காமல் இருங்கள், பார்க்கிங் பணம் மிச்சம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

2. ஸ்ட்ரீட்டா, அவென்யூவா: முகவரியை இரண்டு முறை படியுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும். இந்த ஊரில் சென்ட்ரல் அவென்யூதான் நடுக்கோடு. அதற்குக் கிழக்கே வடக்கு தெற்காகப் போகும் எண்ணிட்ட சாலைகள் பெரும்பாலும் ஸ்ட்ரீட், மேற்கே இருப்பவை பெரும்பாலும் அவென்யூ. ஒரே எண் இரண்டு பக்கமும் இருக்கும். 7-வது ஸ்ட்ரீட்டுக்கும் 7-வது அவென்யூவுக்கும் நடுவே ஒரு மைல். ஜூலை வெயிலில் தப்பான பக்கம் போய் இறங்கிவிட்டு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள், அது உண்மையிலேயே ஆபத்து.

கார் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. மெக்டவல் சாலைக்கு வடக்கே இந்த இரண்டு 7-வது சாலைகளிலும் நடு லேன், வேலை நாட்களில் காலையில் டவுன்டவுனை நோக்கியும் மாலையில் அதற்கு எதிர்த் திசையிலும் ஓடும். அந்த நேரத்தில் பெரிய சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்ப விடமாட்டார்கள். பலகையைப் படிக்காமல் நடு லேனில் நிற்காதீர்கள்.

3. ஊரிலிருந்து கிளம்பும்போதே சேர்க்க வேண்டிய காகிதங்கள்

இங்கே வீடுகளை வைத்திருப்பது பெரும்பாலும் நிறுவனங்கள். ஹவுஸ் ஓனரிடம் பேசிப் புரியவைப்பது, தெரிந்தவரை விட்டுச் சொல்லச் சொல்வது எதுவும் எடுபடாது. ஆன்லைன் படிவத்தில் கேட்கும் கோப்பு இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடாது. எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி ஒரே ஃபோல்டரில் வையுங்கள்:

- பாஸ்போர்ட், விசா பக்கம், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான) பதிவு. மாணவர் என்றால் ஐ-20 (கல்லூரி தரும் படிவம்), ஹெச்-1பி வேலை விசா என்றால் அப்ரூவல் நோட்டீஸ்.
- ஆஃபர் லெட்டர். சம்பளமும் சேரும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும், கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு.
- ஏற்கனவே அமெரிக்காவில் இருந்தால் கடைசி இரண்டு மூன்று பே ஸ்டப் (சம்பளச் சீட்டு).
- வங்கிக் கணக்கு அறிக்கை, மூன்று மாதத்துக்கு.
- சோஷியல் செக்யூரிட்டி எண். இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்பித்த ரசீது.
- முன்பு இருந்த வீட்டின் லீஸ் (வாடகை ஒப்பந்தம்), அந்த வீட்டை வாடகைக்கு விட்ட அலுவலகத்தின் மின்னஞ்சல்.

பெரும்பாலான கட்டடங்கள் வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம் இருக்க வேண்டும் என்று கேட்கும், வரி பிடிப்பதற்கு முன் வரும் தொகை. 1,850 டாலர் வாடகைக்கு மாதம் 5,550. புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய தடை கிரெடிட் ஹிஸ்டரி (அமெரிக்காவில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு) இல்லாததுதான். "கிரெடிட் இல்லாதவர்களை ஏற்பீர்களா, என்ன நிபந்தனை" என்று விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். சில கட்டடங்கள் கூடுதல் டெபாசிட் கேட்கும், சில கட்டடங்கள் ஜாமீன் நிறுவனம் வழியாக வரச் சொல்லும், அதற்குத் தனிக் கட்டணம், அது திரும்பி வராது.

4. வாடகைக் கணக்கு: விளம்பரத் தொகையை நம்பி முடிவெடுக்காதீர்கள்

டவுன்டவுனில் கொஞ்ச வருடங்களாகப் புது அடுக்குமாடிக் கோபுரங்கள் வரிசையாகத் திறக்கின்றன. ஆள் பிடிக்க "இரண்டு மாதம் இலவசம்" என்று பலகை தொங்கும். நல்லதுதான், ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்.

லீஸில் வாடகை 1,850 என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத்தில் இரண்டு மாதம் இலவசம் என்றால் மொத்தம் 18,500. அதை 12-ஆல் வகுத்து "மாதம் 1,542 முதல்" என்று விளம்பரம் போடுவார்கள். நீங்களோ இரண்டு மாதம் எதுவும் கட்டாமல், மீதிப் பத்து மாதமும் 1,850 கட்டுவீர்கள். அடுத்த வருடம் லீஸைப் புதுப்பிக்கும்போது உயர்வு 1,850-லிருந்து தொடங்கும், 1,542-லிருந்து அல்ல. நடுவில் காலி செய்தால் அந்த இரண்டு மாதச் சலுகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் விதியும் லீஸில் இருக்கும். கட்டுப்படியாகுமா என்று பார்க்க வேண்டியது இந்த 1,850-ஐத்தான்.

அதற்கு மேல் வருபவை இருக்கின்றனவே, எனக்கு முதல் வீட்டில் வந்த பட்டியலை அப்படியே தருகிறேன். பார்க்கிங் 150, வாசலில் வைக்கும் குப்பையை எடுக்க 35, பூச்சி மருந்து 5, பார்சல் அறை 15, கட்டாய இன்டர்நெட் 75, தண்ணீரும் கழிவுநீரும் சேர்த்து ஏறக்குறைய 60. மொத்தம் 340 டாலர். கரண்ட் தனி. இவற்றில் குப்பை, இன்டர்நெட், பார்சல் மூன்றையும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, அது லீஸோடு ஒட்டி வருகிறது. தண்ணீருக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, மொத்தப் பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிரிக்கிறார்கள் என்றால் நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பில் குறையாது.

லீசிங் ஆபீஸுக்கு (கட்டடத்தில் வீடுகளை வாடகைக்கு விடும் அலுவலகம்) ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இந்த வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் நான் கட்டப் போகும் எல்லாக் கட்டணங்களையும், ஒருமுறை கட்டும் எல்லாக் கட்டணங்களையும் தொகையோடு எழுதி அனுப்புங்கள்." வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். எழுதித் தர மறுத்த இரண்டு கட்டடங்களை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஒரு முக்கியமான விஷயம். வாடகையின் மேல் நகர வரி என்று முன்பு சேர்ப்பார்கள், ஃபீனிக்ஸில் அது 2.3 சதவீதமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் குடியிருப்பு வாடகைக்கு நகரங்கள் அந்த வரி போடக் கூடாது என்று மாநிலச் சட்டம் வந்துவிட்டது. பழைய மாதிரிப் படிவத்தில் அந்த வரி இன்னும் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

5. வீட்டை மாலை 4 மணிக்குப் போய்ப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். லீசிங் ஆபீஸ் உங்களுக்குக் காலை நேரம்தான் கொடுக்கப் பார்க்கும். மாலை 4 மணி வேண்டும் என்று கேளுங்கள். ஏசியை நிறுத்தச் சொல்லி 15 நிமிடம் உள்ளே நில்லுங்கள். கண்ணாடியில் கை வைத்துப் பாருங்கள்.

2024-இல் இந்த ஊரில் 70 நாட்கள் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டன அல்லது தாண்டின. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். 2023-இல் அப்படிப்பட்ட நாட்கள் தொடர்ந்து 31 வந்தன. அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை (ஊருக்குப் பேசுபவர்களுக்கு இது வசதி, வருடம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்தான்), ஆனாலும் ஜூனில் சூரியன் மறைய ஏழரை மணிக்கு மேல் ஆகும். மேற்குக் கண்ணாடி என்றால் அவ்வளவு நேரமும் வெயில் நேராக வீட்டுக்குள். என் அனுபவத்தில் வடக்குப் பார்த்த வீடுதான் முதல் தேர்வு, அடுத்து கிழக்கு. தெற்கு பரவாயில்லை, மேலே பால்கனி நிழல் இருந்தால். மேற்கு வேண்டவே வேண்டாம், வாடகை 100 டாலர் குறைத்தாலும் வேண்டாம். இப்போது நான் இருப்பது வடக்குப் பார்த்த வீடு, ஏறக்குறைய அதே அளவு, ஜூலை மாதக் கரண்ட் பில் பழைய வீட்டில் வந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது.

அடுத்து ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கார் நிறுத்தும் காலி மனை தெரிந்தால் உடனே கேள்வி எழ வேண்டும். விமான நிலையம் டவுன்டவுனுக்குக் கிழக்கே சில மைல் தூரம்தான், விமானங்கள் வரும் பாதையில் இருப்பதால் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு உண்டு. 1972-இல் கட்டிய 40 மாடி சேஸ் டவர்தான், 483 அடி, இன்றும் ஊரிலேயே உயரம். அதனால் புதிதாக வருபவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில், 20-லிருந்து 30 மாடிக்குள், பக்கத்துப் பக்கத்தில் எழும்புகின்றன. இன்று 18-வது மாடியிலிருந்து மலை தெரிகிறது என்று கூடுதல் வாடகை கொடுப்பீர்கள், இரண்டு வருடத்தில் அங்கே எதிர் வீட்டுப் பால்கனி தெரியும். அதுவரை கட்டுமானச் சத்தம் வேறு. கோடையில் வெயிலுக்கு முன்பே வேலையை முடிக்க விடியும் முன்னரே தொடங்கிவிடுவார்கள். பக்கத்து மனைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்பதை நகரத் திட்டமிடல் துறையின் இணைய வரைபடத்தில் முகவரி போட்டுப் பார்க்கலாம், பத்து நிமிட வேலை, காசு இல்லை. லீசிங் ஆபீஸில் கேட்டால் "எங்களுக்குத் தெரிந்து எதுவும் இல்லை" என்றுதான் சொல்வார்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை, தெற்கு ஓரத்தில் சரக்கு ரயில் பாதை இருக்கிறது. டைமண்ட்பேக்ஸ் பேஸ்பால் அணி ஆடும் சேஸ் ஃபீல்டு, சன்ஸ் கூடைப்பந்து அணி ஆடும் அரங்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஆட்டம் இருக்கும் நாளில் உங்கள் பார்க்கிங் வாசலுக்குப் போகவே அரை மணி ஆகும். ரூஸ்வெல்ட் ரோ என்ற கலைப் பகுதி பக்கம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை திருவிழாக் கூட்டம். எனக்கு அது பிடிக்கும், கைக்குழந்தை இருப்பவர்களுக்குப் பிடிக்காது. ஒரு வெள்ளி இரவு 10 மணிக்குக் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

6. விண்ணப்பமும் டெபாசிட்டும்

விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 50-லிருந்து 75 டாலர், நிர்வாகக் கட்டணம் என்று 150-லிருந்து 300 வரை. இந்த இரண்டும் திரும்பாது. அதனால் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். முடிவு வர ஒன்றிலிருந்து மூன்று வேலை நாள். காலியாகப் போகும் வீடுகள் பெரும்பாலும் 60 நாளுக்கு முன்புதான் பட்டியலில் வரும், ஆறு மாதம் முன்னால் தேடுவதில் பயனில்லை. வந்து இறங்கி இரண்டு வாரம் தற்காலிகமாக எங்காவது தங்கி, நேரில் பார்த்துப் பிடிப்பதுதான் நல்லது. தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட்டைத் தவிருங்கள், மாணவர்கள் எல்லாரும் அப்போதுதான் தேடுவார்கள்.

நம் ஊரில் அட்வான்ஸ் ஆறு மாதம், பத்து மாதம் என்று கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அரிசோனா சட்டப்படி டெபாசிட்டும் முன்பண வாடகையும் சேர்த்து ஒன்றரை மாத வாடகைக்கு மேல் உங்களிடம் கேட்கக் கூடாது. 1,850 வாடகைக்கு 2,775 டாலர் உச்சம். நீங்களாக விரும்பி அதிகம் கொடுக்கலாம், அதைச் சட்டம் தடுக்கவில்லை. கிரெடிட் இல்லாத என் நண்பர் ஒருவர் அப்படித்தான், தானே மின்னஞ்சல் எழுதி, மூன்று மாத வாடகையை முன்பே கட்டி வீடு பிடித்தார். ஆனால் "மூன்று மாதம் கட்டியே ஆக வேண்டும்" என்று அவர்கள் சொன்னால் அந்தச் சட்ட விதியை மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

திரும்பாத கட்டணம் எதுவாக இருந்தாலும் அது எதற்காக, திரும்பாது என்று லீஸில் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதாதது எல்லாம் திரும்ப வர வேண்டிய பணம்தான்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்பவர்களிடம் கவனம். தனியார் காண்டோ (ஒருவருக்குச் சொந்தமான அடுக்குமாடி வீடு), பாதி வாடகை, "உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், ஸெல் (Zelle) வழியாகப் பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்" என்று ஒருவர் எனக்கே எழுதினார். படங்கள் எல்லாம் வேறொரு கட்டடத்தின் விளம்பரத்திலிருந்து எடுத்தவை. உள்ளே கால் வைக்காத வீட்டுக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

7. கரண்ட், இன்சூரன்ஸ்: சாவிக்கு முன் இரண்டு எண்கள்

சாவி கொடுக்கும் முன் இரண்டு ஆதாரம் கேட்பார்கள், மின்கணக்கு எண்ணும் வாடகைதாரர் இன்சூரன்ஸும். இன்சூரன்ஸ் ஆன்லைனில் அரை மணி வேலை, மாதம் 10-லிருந்து 20 டாலர். பெரும்பாலும் 1 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு (உங்களால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கு) வேண்டும் என்பார்கள். அவர்களே தரும் பாலிசியில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை, வெளியில் வாங்கியதைக் காட்டினால் போதும். உங்கள் பொருட்களுக்கும் சேர்த்து வாங்குங்கள், மேல்மாடியில் குழாய் உடைந்தால் நனைவது உங்கள் லேப்டாப்.

மின்சாரத்தில் ஏபிஎஸ், எஸ்ஆர்பி என்று இரண்டு நிறுவனங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, முகவரியைப் பொறுத்தது. டவுன்டவுனில் பெரும்பாலும் ஏபிஎஸ். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் இணையத்தில் முடிக்க முடியாமல் போகலாம், தொலைபேசியில் பாஸ்போர்ட்டை வைத்து முடித்தேன், டெபாசிட் கேட்டார்கள். குடிபுகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள்.

திட்டம் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் வேண்டும். ஏபிஎஸ்ஸின் நேரம் சார்ந்த திட்டங்களில் வேலை நாட்களில் மாலை 4-லிருந்து 7 வரை யூனிட் விலை அதிகம். அந்த நேரம் வீட்டில் யாரும் இல்லை என்றால் லாபம். வீட்டிலிருந்து வேலை செய்பவர், குழந்தையோடு இருப்பவர் என்றால் ஒரே விலைத் திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரத் திட்டம் எடுத்தவர்கள் 3 மணிக்கே வீட்டை நன்றாகக் குளிரவைத்து, 4 மணிக்கு ஏசியை இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடுவார்கள். வடக்குப் பார்த்த வீட்டில் அது எடுபடும். மேற்குப் பார்த்த வீட்டில் அரை மணியில் குளிர்ச்சி போய்விடும், மூன்று மாதம் முயன்றுவிட்டுத்தான் சொல்கிறேன்.

சில கோபுரங்களில் ஏசிக்கு வரும் குளிர்நீருக்குத் தனிப் பில் போடுவார்கள். "ஏசி என் கரண்ட் மீட்டரில் ஓடுகிறதா, கட்டடத்தின் குளிர்நீரில் ஓடுகிறதா" என்று கேளுங்கள். போன கோடையின் சராசரிப் பில்லையும் கேட்டு வையுங்கள்.

8. லீஸில் எந்தப் பக்கங்களை உட்கார்ந்து படிக்க வேண்டும்

50 பக்கம் வரும். எல்லாம் படிப்பது நல்லது, முடியாவிட்டால் இந்த நாலு இடங்கள்: நடுவில் காலி செய்தால் எவ்வளவு (இரண்டு மாத வாடகையும் 60 நாள் நோட்டீஸும் கேட்பது வழக்கம்), முடியும்போது எத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மாதத்துக்கு மாதம் நீளும் லீஸாக மாறி வாடகை எவ்வளவு ஏறும், நீச்சல்குளம், ஜிம் போன்றவை மூடிக் கிடந்தால் வாடகை குறையுமா. கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் குறையாது என்பதுதான். புதுக் கட்டடத்தில் நீச்சல்குளம் இன்னும் கட்டி முடியவில்லை என்றால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஹெச்-1பியில் இருப்பவர்கள் வேலை போனாலோ ஊர் மாறினாலோ என்ன செலவு என்பதை முன்பே கணக்குப் போட்டு வையுங்கள். அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் இரண்டாவது லீஸில் கையெழுத்துப் போட்டேன்.

9. குடிபுகும் நாள்

சாமான் ஏற்றும் லிஃப்ட்டை முன்பதிவு செய்ய வேண்டும், இரண்டு மூன்று மணி நேரம்தான் கொடுப்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை என்றால் காலையில் கிடைக்கும் முதல் நேரத்தையே கேளுங்கள். மருந்து, மெழுகு, எலக்ட்ரானிக் சாமான் எதையும் காரில் விட்டுவைக்காதீர்கள்.

சாவி வாங்கும்போது கையெழுத்தான லீஸ் நகலும், வீட்டில் ஏற்கனவே உள்ள பழுதுகளை எழுதும் படிவமும், காலி செய்யும்போது நடக்கும் சோதனையில் நீங்கள் உடன் இருக்கலாம் என்ற அறிவிப்பும் தர வேண்டும், இது சட்டம். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். படிவத்தை அன்று இரவே நிரப்புங்கள். தரையில் கீறல், ஜன்னல் திரையில் கறை, ஃபிரிட்ஜ் கதவில் பள்ளம் என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, படத்தோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மின்னஞ்சலில் தேதி இருக்கும், பின்னால் அதுதான் பேசும். முதல் வீட்டில் நான் எட்டே படம் எடுத்தேன், ஒன்பதாவதாக எடுக்காத பாத்ரூம் கல் விரிசலுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள்.

10. ஏசி நின்றால்

இந்த ஊரில் ஏசி நிற்பது உயிர்ப் பிரச்சினை, பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஃபீனிக்ஸ் நகர விதிப்படி ஏசி உள்ள வாடகை வீட்டை 82 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 28 டிகிரி செல்சியஸுக்குள் குளிரவைக்க முடிய வேண்டும். முதலில் அவசர எண்ணுக்கு அழையுங்கள், அழைத்த கையோடு கட்டடத்தின் இணையப் போர்ட்டலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள், தெர்மாமீட்டர் படத்தோடு. உடல்நலத்தைப் பாதிக்கும் பழுது என்றும், சரி செய்யாவிட்டால் மாநிலச் சட்டப்படி எனக்குள்ள வழிகளை எடுப்பேன் என்றும் ஒரு வரி சேருங்கள். குளிரூட்டல் அத்தியாவசிய சேவைகளில் ஒன்று, எழுத்தில் சொன்ன பிறகும் தராவிட்டால் வேறு இடத்தில் தங்குவதற்கும் அந்த நாட்களுக்கு வாடகை கட்டாமல் இருப்பதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் எழுத்தில் சொல்லாமல் நீங்களாக வாடகையை நிறுத்தினால் 5 நாள் நோட்டீஸ் ஒட்டி வெளியேற்ற வழக்குப் போட்டுவிடுவார்கள், அந்தப் பதிவு அடுத்த வீடு பிடிக்கும்போது முன்னால் வந்து நிற்கும். நகராட்சியில் வாடகைதாரர்களுக்கு ஆலோசனை தரும் பிரிவு இருக்கிறது, முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

கோடையில் கரண்ட் பில் கட்ட முடியாமல் போனாலும் ஏபிஎஸ் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை இணைப்பைத் துண்டிக்காது. பாக்கி நிற்கும், அதனால் கோடை முடிவதற்குள் தவணை பேசிக்கொள்ளுங்கள்.

11. காலி செய்து டெபாசிட் வாங்குவது

லீஸில் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே நோட்டீஸ் எழுதுங்கள், போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வாங்குங்கள். கடைசிச் சோதனை எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டு உடன் இருங்கள். சுவரில் ஆணி ஓட்டைகளை அடைத்து, அடுப்பையும் ஃபிரிட்ஜையும் சுத்தம் செய்து, வீடு முழுவதும் வீடியோ எடுங்கள்.

இனி பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம். சாவியைக் கொடுத்துவிட்டால் டெபாசிட் தானாக வரும் என்று நினைத்து நான் ஆறு வாரம் காத்திருந்தேன். சட்டத்தில் உள்ள 14 நாள் கெடு, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நீங்கலாக, லீஸ் முடிந்து, வீட்டை ஒப்படைத்து, நீங்கள் கேட்ட பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். கேட்காவிட்டால் ஓடாது. எனவே சாவி கொடுக்கும் அன்றே ஒரு கடிதம் கொடுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்: இன்ன தேதியில் வீட்டை ஒப்படைத்தேன், டெபாசிட் இவ்வளவு, பிடித்தம் இருந்தால் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு மீதியை இந்தப் புது முகவரிக்கு அனுப்புங்கள். பட்டியல் வந்து அதில் ஏற்பில்லாதது இருந்தால் 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். தவறாகப் பிடித்த தொகைக்கு இரண்டு மடங்கு இழப்பீடு கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு, அந்த ஒரு வரியைச் சேர்த்து நான் எழுதிய இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு ஒன்பதாவது நாள் செக் வந்தது, பாத்ரூம் கல்லுக்கு எடுத்ததைத் தவிர மற்றதெல்லாம். அதைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள், எனவே பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்குத் தபாலைத் திருப்பிவிடும் விண்ணப்பத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.